ஏழாம் நம்பர் மேக்னட்ரான்

பீன்யா தொழிற்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சுந்தரராமனுக்கு வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. ஐம்பத்தேழு வயது, இடது முழங்காலில் வலி, மல்லேஸ்வரத்திலிருந்து இரண்டு பஸ். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருடம் எரிந்த குடோன்களையும் எரியாத குடோன்களையும் பார்த்துச் சலித்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டி நான்கு வருடம் ஆகிறது. அதில் மூன்றே முக்கால் வருடம் கல்யாண மாப்பிள்ளைகள் குடிப்பார்களா என்று பார்ப்பதிலேயே போய்விட்டது.

கூட வந்தவள் பெட்டி. முழுப் பெயர் எலிசபெத், வீடு ஆஸ்டின் டவுன். பதினைந்து வருடம் ஒரு ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டே நாற்பது வயதை எட்டியவள். இப்போது சுந்தரராமனிடம் உதவியாளராகச் சேர்ந்து, தன் பங்குக்குப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த கேஸ்ல மாப்பிள்ளை யாரு சார்?"

"மாப்பிள்ளை இல்லை. மைக்ரோவேவ் அடுப்பு."

"அது குடிக்காது. ரிப்போர்ட்ல எழுதிடலாம்."

காலை ஒன்பதரைக்கு அந்த அடுப்புத் தொழிற்சாலையின் மேனேஜர் கோவிந்தப்பா போன் செய்திருந்தார். ஆயுத பூஜை, விஜயதசமி, காந்தி ஜெயந்தி என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை முடிந்து இன்று சனிக்கிழமைதான் திறந்திருக்கிறார்கள். திறந்தவுடன் ஒரு நஷ்டம். செய்தது யார் என்று தெரிந்துவிட்டது, ஒப்புக்கொள்ளும் கடிதம் கூட டைப் ஆகிக்கொண்டிருக்கிறது, ஆனால் பம்பாயில் இருக்கும் முதலாளி வெளியாள் ஒருவரின் ரிப்போர்ட் வேண்டும் என்கிறார், வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். கையெழுத்துப் போட்டால் போதும் என்று அழைத்த எந்த இடத்திலும் கையெழுத்தோடு வேலை முடிந்ததில்லை. அந்த அலுப்பும் முழங்கால் வலியோடு சேர்ந்துகொண்டது.

கேன்டீனில் டீ கொடுத்த லட்சுமம்மாவின் வலது கண் மட்டும் செக்கச் செவேலென்று சிவந்திருந்தது. தூசியா என்று பெட்டி விசாரித்தாள். காலையிலிருந்து எரிகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை ஆற்றப் போய்விட்டாள் அந்த அம்மா.

சோதனை அறையில் காத்திருந்தவர் ஆதிகேசவன். அறுபத்துமூன்று வயது, மெலிந்த உடம்பு, சட்டைப்பையில் இரண்டு பேனா. முப்பது வருடம் சர்க்கார் ஆராய்ச்சிக்கூடத்தில் ரேடார் குழல்கள் செய்தவர். ஓய்வுக்குப் பிறகு ஆறு வருடமாக இங்கே ஒரே வேலை. மைக்ரோவேவ் அடுப்பின் உயிர்நாடி மேக்னட்ரான் என்ற குழல். இந்தத் தொழிற்சாலையின் அடுப்புகள் எல்லாவற்றுக்கும் அது கப்பலில்தான் வருகிறது. அதை இங்கேயே செய்துவிட வேண்டும் என்பது அவர் வைராக்கியம். ஆறு வருடத்தில் ஆறு குழல் செய்து ஆறும் தோற்றுவிட்டன. ஏழாவது, ஐநூறு மணி நேரம் ஓடிக் காட்டினால் இங்கேயே குழல் செய்யப் பிரிவு திறப்போம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஏழாம் நம்பர் மேஜைமேல் கிடந்தது. உள்ளங்கை அளவில் செம்பு, சுற்றிலும் அலுமினியத் தகடுகள், மேலும் கீழும் கறுப்பு வளையமாகக் காந்தம். அது எப்படி வேலை செய்கிறது என்று சுந்தரராமன் கேட்டபோது அந்த மனிதரின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"காலி பாட்டில் வாய்ல ஊதினா விசில் வருதில்லையா, அவ்வளவுதான். நடுவுல ஒரு கம்பி. சூடானா அதுலேர்ந்து எலக்ட்ரான் கிளம்பும். நாலாயிரம் வோல்ட் அதை வெளியே இழுக்கும், காந்தம் நேராப் போக விடாமச் சுத்த விடும். சுத்தறப்போ இந்தச் செம்புல குடைஞ்ச பத்து அறை வாசலையும் உரசிண்டு போகும். அந்த விசில்தான் அலையா அடுப்புக்குள்ள போறது. யுத்தத்துல விமானத்தைக் கண்டுபிடிக்கறதுக்கு இது ஓடித்து. இப்போ நேத்து வெச்ச சாம்பாரைச் சுட வைக்கறது."

"நேத்து சாம்பாரக் கண்டுபுடிக்கறதும் கஷ்டம்தான் சார், எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல" என்றாள் பெட்டி. ஆதிகேசவன் சிரிக்கவில்லை.

நடந்தது என்ன என்று அவர் சொல்லச் சொல்ல சுந்தரராமன் குறித்துக்கொண்டார். சோதனை அடுப்பில் டைமர் கிடையாது. வராந்தாவில் பூட்டிய ஒரு பேனலில் ஸ்விட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். பக்கத்தில் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டர். அடுப்புக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஜக்கை வைத்து ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும், எடுத்துச் சூட்டை அளந்து எழுத வேண்டும், அடுத்த ஜக்கை வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்பது ஜக், மூன்று மாதமாக. அந்த வேலையைச் செய்தவள் பாமா. செவ்வாய்க்கிழமை மாலை பூஜைக்காக அடுப்பை நிறுத்தியபோது மீட்டர் நானூற்று ஐம்பத்திரண்டு. இன்று காலை திறந்தபோது அடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஜக் இல்லை. மீட்டரில் ஐநூற்று முப்பத்தொன்பது.

"அப்ப ஐநூறு தாண்டிடுச்சே. பாஸ் போட்டுடலாமே" என்றாள் பெட்டி.

தண்ணீர் இல்லாமல் ஓடினால் அலையைக் குடிக்க உள்ளே ஆள் இல்லை, அது திரும்பி வந்து குழலையே தாக்கும், கம்பி போய்விடும் என்று ஆதிகேசவன் விளக்கினார். ஏழாம் நம்பரின் கம்பியும் போய்விட்டது. பாமா ஸ்விட்சை அணைக்க மறந்துவிட்டாள் என்பதுதான் மேனேஜரின் முடிவு. பேனல் சாவி இரண்டே பேரிடம்தான் இருக்கிறது, ஒன்று அவளிடம், இன்னொன்று ஆதிகேசவனிடம்.

சுந்தரராமன் குனிந்து அடுப்புக்குள் பார்த்தார். சுழலும் கண்ணாடித் தட்டு சுத்தமாக இருந்தது, நடுவில் எட்டணா அளவு ஒரு சிவப்புக் கறையைத் தவிர. விரலால் தொட்டு முகர்ந்தார். குங்குமம்.

"உள்ளே தண்ணி இல்லாம, வேற ஏதாவது பொருள் இருந்திருந்தா என்ன ஆகும்?"

ஆதிகேசவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஈரம் இருக்கற எதுவும் வெந்துடும்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

பாமா வெளியே வராந்தாவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வலது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தது. எண்பது ஜக்கின் உபயம். புருஷன் இல்லை, பெண் ஒன்பதாவது படிக்கிறது, ஒன்பது வருடமாக இதே தொழிற்சாலை. வீடு ஆஸ்டின் டவுன் என்றதும் எந்தத் தெரு என்று பெட்டி கேட்டாள். அவள் சொன்ன தெரு பெட்டியின் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. அதன் பிறகுதான் அந்தப் பெண்ணுக்குப் பேச்சு வந்தது.

"அஞ்சு மணி பஸ்ஸுக்கு முன்னாடி கையெழுத்துப் போடணுமாம். போட்டா, தப்பு பண்ணேன்னு நானே எழுதிக் குடுத்தாப்பல. இந்த கேட்ல பேர் கெட்டா பீன்யால ஒரு கேட்லயும் உள்ள விட மாட்டாங்கக்கா. நான் ஸ்விட்ச அணச்சேன். செவப்பு லைட்டு போச்சு. என் கண்ணால பாத்தேன்."

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்ன செய்தாய் என்று சுந்தரராமன் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆதிகேசவன் சார் தானே ஜக் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவளைப் பூஜை வேலைக்கு அனுப்பிவிட்டார். பூக்கட்டி, மெஷின்களுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்து, மூன்றே முக்காலுக்குச் சோதனை அடுப்புக்கு வந்தாள். சார் அப்போது அங்கே இல்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டு, உள்ளே இருந்த ஜக்கை எடுத்து மஞ்சள் கையைக் கழுவிக்கொண்டாள். ஜக்கைத் துடைத்துக் கவிழ்த்தாள்.

"கொதிக்கற தண்ணியிலயா கை கழுவின?" என்று பெட்டி கேட்டாள்.

"பழக்கதோஷத்துல துணி புடிச்சுதாங்க்கா தூக்கினேன். ஊத்தறப்போ பாத்தா சில்லுன்னு இருந்துச்சு. சார் புது ஜக்கு வெச்சிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன்."

அப்புறம் அடுப்புக்குள் ஒரு எலுமிச்சம்பழத்துக்குக் குங்குமம் வைத்து நடுவில் வைத்துக் கதவை மூடினாள். மற்ற மெஷின்களுக்குக் காலடியில் வைப்பார்கள். இதற்குக் காலும் இல்லை, அடியும் இல்லை, வாய்தான் இருக்கிறது என்று உள்ளே வைத்தாளாம். நாலு மணிக்குக் கற்பூரம் காட்டினார்கள். பிறகு எல்லோரும் கேட்டில் பூசணிக்காய் உடைக்கப் போய், அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள்.

சுந்தரராமன் எழுந்து மறுபடி சோதனை அறைக்குள் போனார். சூட்டை எழுதும் பதிவேட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாகப் பாமாவின் கோணல் எழுத்து, எழுபத்துமூன்று, எழுபத்தைந்து, எழுபத்திரண்டு, எழுபத்துநாலு. செவ்வாய் மதியத்துக்குப் பிந்திய கடைசி இருபத்தொரு வரிகள் மட்டும் வேறு கை, அச்சடித்தது போன்ற அழகு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடி வைத்தார்.

"பெட்டி, அந்த எலுமிச்சம்பழம் எங்க?"

"கடத்தப்பட்டவர் எலுமிச்சம்பழம், வயசு நாலு நாள், நெத்தில குங்குமம்" என்று குறித்துக்கொண்டாள் பெட்டி. ஆனால் கிளம்பிய வேகத்தில் கிண்டல் இல்லை. மணி பன்னிரண்டரை.

கேன்டீன் பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்ததைப் படித்ததும் பெட்டிக்குப் பகீரென்றது. இன்றைய சாப்பாடு, சித்ரான்னம். நூறு பேருக்கு எலுமிச்சம்பழம் பிழிந்த பாத்திரத்திலிருந்து ஆவி பறப்பது வாசலிலேயே தெரிந்தது.

பூஜைப் பழம் எதுவும் இதில் சேர்ந்துவிட்டதா என்று கேட்டதும் லட்சுமம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பூஜை நிம்பேஹண்ண, எலுமிச்சம்பழத்த, யாராச்சும் அடுப்புல ஹாக்கறதுண்டாம்மா? காலைல மேனேஜர் சாகேப்பே ரெண்டு கைல தூக்கிட்டு வந்தாரு. மெஷின் பூஜைப் பழம், ராசின்னாரு. புதுக் கார்ல கட்டிக் குடுன்னாரு. மெளகா கோத்து, ஊசி குத்துனேன். ஒரே பீச்சு, சாறு நேரா கண்ணுக்குள்ள."

பின்னாலேயே வந்த சுந்தரராமன் அவள் சிவந்த கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டிக்கு மூன்று விநாடி கழித்துத்தான் புரிந்தது. மீட்டர் கணக்கில் எண்பத்தேழு மணி நேரம் மைக்ரோவேவ் அடுப்புக்குள் வெந்த பழத்தில் சாறு ஏது?

"சாகேப்பு கார் எங்கம்மா?" என்று கேட்டாள் பெட்டி.

வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார் என்றாள் லட்சுமம்மா. வீடு எங்கே என்றால், மல்லேஸ்வரம்.

சுந்தரராமன் தான் காலையில் இரண்டு பஸ் ஏறி விட்டு வந்த மல்லேஸ்வரத்துக்குத் திரும்பவும் போக வேண்டும் என்ற எண்ணத்தில் முழங்காலை ஒரு முறை தடவிக்கொண்டார். இந்தத் தடவை ஆட்டோ பிடித்தார்கள். யஷ்வந்தபுரம் ரயில்வே கேட்டில் இருபத்தைந்து நிமிடம் நின்றார்கள். மேனேஜர் இந்நேரம் காரைக் கழுவுகிறேன் என்று பழத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் என்ன செய்வது என்று பெட்டி கேட்டாள். கண் சிவந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் முதலாளி முன்னால் நிறுத்தலாம், ஆனால் கண்ணை ரிப்போர்ட்டோடு இணைக்க முடியாது என்றார் அவர்.

கார் இருந்தது. பழமும் இருந்தது. பதினோராவது கிராஸில், சுந்தரராமன் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, வெள்ளை நிற ஜென் வண்டியின் முன்னால் ஏழு பச்சை மிளகாய்க்கு நடுவில் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். குங்குமம் கூட அழியவில்லை.

கோவிந்தப்பா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். பருத்த, நல்ல மனிதர். காரில் கட்டிய பழத்தை அவிழ்த்துத் தர வேண்டும் என்றதும் அந்த நல்ல முகம் மாறிவிட்டது. கார் வந்து மூன்றே நாள் ஆகியிருந்தது.

"நோடி, இங்க பாருங்க சுந்தரராமன், அது அவுக்கற ஐட்டம் இல்ல. என்ன வேணா கேளுங்க."

"வாரன்ட் எடுத்துட்டு வரணுமா சார்?" என்றாள் பெட்டி.

அவிழ்க்க வேண்டாம், தொட்டால் போதும் என்று சுந்தரராமன் சமாதானம் செய்தார். சிரமப்பட்டுக் குனிந்து, லட்சுமம்மா ஊசி குத்திய இடத்துக்குப் பக்கத்தில் மெல்ல அழுத்தினார். ஒரு சொட்டுச் சாறு திரண்டு பம்பரில் விழுந்தது. பிறகு, வீட்டில் கம்பெனி அடுப்பு இருக்குமே என்று கேட்டார். இருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து வேறொரு எலுமிச்சம்பழமும் கிடைத்தது. மேனேஜரின் மனைவி வீணா என்ன ஏது என்று கேட்பதற்குள் பெட்டி அதை அடுப்புக்குள் வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

தட்டு சுற்றியது. நான்கு பேரும் கண்ணாடிக் கதவு வழியாக ஒரு எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிடத்தில் அது உப்பியது. ஒன்றரை நிமிடத்தில் டப்பென்று வெடித்து, அடுப்பின் சுவரெல்லாம் கொட்டையும் தோலுமாக ஆனது. வீணா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒன்றரை நிமிஷம்" என்றார் சுந்தரராமன். "உங்க கார்ல தொங்கறது எண்பத்தேழு மணி நேரம் உள்ள இருந்திருக்கு. அதோட குங்குமம் கூட உதிரலை. லைட் எரிஞ்சிருக்கு, ஃபேன் ஓடியிருக்கு, தட்டு சுத்தியிருக்கு, மீட்டர் ஓடியிருக்கு. அலை மட்டும் வரலை. மேக்னட்ரான் செத்துப்போனாலும் அடுப்பு பாக்கறதுக்கு உயிரோடதான் இருக்கும், இல்லையா?"

கோவிந்தப்பா அடுப்பு செய்கிறவர். அவருக்கு மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. பழம் உள்ளே போகும் முன்பே குழல் செத்துவிட்டது. பாமா கதவை மூடிய பிறகு யார் ஸ்விட்சைப் போட்டிருந்தாலும் ஏழாம் நம்பரை அது கொன்றிருக்க முடியாது. காலையில் அந்தப் பழத்தைத் தானே இரண்டு கையாலும் எடுத்தோமே, பூஜைப் பொருள் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டோமே தவிர அது பச்சையாக இருக்கிறதே என்று தோன்றவில்லையே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். காலையில் அடுப்பைச் சுற்றி நின்ற எட்டுப் பேருக்கும்தான் தோன்றவில்லை.

திரும்பும்போது அந்த ஜென் காரிலேயே போனார்கள். வழியெல்லாம் கோவிந்தப்பா சந்தேகப் பட்டியல் போட்டுக்கொண்டே வந்தார். வெளிநாட்டுக் குழல் விற்கும் ஏஜென்ட்தான் ஆள் வைத்து நல்ல குழலை மாற்றியிருக்க வேண்டும், முதலாளியிடம் அன்றைக்கே சொன்னேன் என்றார். மேஜைமேல் கிடந்த குழலில் ஆதிகேசவனே பொறித்த ஏழு என்ற எண் இருக்கிறதே, அதை யாரும் மாற்றவில்லையே என்று பெட்டி கேட்டாள்.

சுந்தரராமன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தூங்கவில்லை. தூங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் வேலையில் அவருக்குப் பிடிக்காத கட்டம் இதுதான். யார் என்று தெரிந்த பிறகு, அந்த ஆளின் அறைக்கு நடந்து போக வேண்டிய தூரம்.

மணி நாலேகால். ஆதிகேசவன் அதே நாற்காலியில் அதே குழலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சுந்தரராமன் பெட்டியை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, பதிவேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"பாமா எழுதினதுல எழுபத்திரண்டு வருது, எழுபத்தஞ்சு வருது. தண்ணி அப்படித்தான். நீங்க எழுதின இருபத்தொரு வரியிலயும் எழுபத்துநாலு. இருபத்தாறு வருஷம் பொய்க் கணக்கு பாத்திருக்கேன் சார். இட்டுக்கட்டினதுதான் இவ்வளவு சீரா இருக்கும். கடைசி ஜக் எழுபத்துநாலு டிகிரின்னு எழுதியிருக்கீங்க. அந்தத் தண்ணில அவ கை கழுவியிருக்கா. சில்லுனு இருந்துதாம்."

ஆதிகேசவன் மறுக்கவில்லை. மறுப்பார் என்று எதிர்பார்த்துச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் சுந்தரராமனிடம் மிச்சமாகிப்போயின.

"எலுமிச்சம்பழம்னு ஒண்ணு உள்ள இருக்கறதே நேக்குத் தெரியாது" என்றார் அவர். "பூஜைக்கு நான் போறதில்லை. எல்லாரும் கேட்டுக்குப் போனப்புறம் வராந்தால வந்து பேனலைத் திறந்து போட்டேன். அடுப்புப் பக்கமே போகலை. இன்னிக்குக் கார்த்தால கோவிந்தப்பா அதைக் கையில ஏந்திண்டு நிக்கறார். பச்சைப் பழம். யாரானும் கேப்பா, இப்போ கேப்பான்னு பாத்துண்டே இருந்தேன். எல்லாரும் கும்பிட்டா."

மற்றதைச் சுந்தரராமன் கேட்டுத் தெரிந்துகொண்டார். செவ்வாய் மதியம் ஒன்றரை மணிக்கு, மீட்டர் நானூற்று ஐம்பதைத் தொட்ட நேரத்தில், ஜக்கில் தண்ணீர் சுடவில்லை. பாமா அப்போதுதான் சாப்பிடப் போயிருந்தாள். இரண்டாவது ஜக்கும் சுடவில்லை. யாரும் எதுவும் செய்யாமல், நல்ல நாளில், நல்ல தண்ணீரோடு, ஏழாம் நம்பர் தானாகவே செத்துவிட்டது. அப்படி என்றால் தோல்வி, அதோடு எல்லாம் முடிந்தது. யாரோ கவனக்குறைவாகக் கொன்றுவிட்டார்கள் என்றால் மட்டும், நானூற்று ஐம்பது மணி ஓடிய குழல் ஐநூறும் ஓடியிருக்கும் என்று எட்டாவதுக்கு அனுமதி கிடைக்கும்.

"அம்பது மணி" என்றார் ஆதிகேசவன். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி முதல் குழல் நாலு நிமிஷம் ஓடித்து. இது நானூத்தம்பது. வெறும் அம்பது மணிதான் பாக்கி."

"அந்த அம்பதுக்கு அவளா?"

அவர் தலை குனிந்துகொண்டார். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிடும் என்று நினைத்தாராம். நினைத்தேன் என்று சொல்லும்போதே அது பொய் என்று அவருக்கும் தெரிந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டார். சுந்தரராமனுக்குக் கோபம் வர வேண்டிய இடம். வந்ததென்னவோ வருத்தம்தான். இந்த மனிதர் செய்த குழலை அவர் மனதார மதித்தார், செய்த காரியத்தை மன்னிக்க முடியவில்லை, இரண்டையும் ஒரே ரிப்போர்ட்டில் எழுத வேண்டும்.

"ரிப்போர்ட் நான் எழுதறது பம்பாய்க்கு. அவளுக்கு நீங்கதான் சொல்லணும். அஞ்சு மணிக்கு முன்னாடி."

மேனேஜர் அறையில் பாமா மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். டைப் செய்த கடிதம் அவள் முன்னால் இருந்தது. நான் ஸ்விட்சை அணைக்க மறந்ததால் குழல் நாசமானது என்று ஆரம்பித்தது அது. கோவிந்தப்பா, கையெழுத்து வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தபோது ஆதிகேசவன் உள்ளே வந்தார். கடிதத்தை எடுத்து, மறந்ததால் என்ற சொல்லை அடித்தார். மேலே பேனா ஓடவில்லை. பேச ஆரம்பித்தார். குழல் தானாகச் செத்தது, பழி அவள்மேல் விழட்டும் என்று ஸ்விட்சைப் போட்டது தான்தான், இதை முதலாளிக்கும் எழுதிக் கொடுக்கிறேன் என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கோவிந்தப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கூட மறந்துபோனார்.

பாமா அழவில்லை. பேண்டேஜ் சுற்றிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"செத்துடுச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார். மூணு மாசம் அதுக்குத் தண்ணி ஊத்தினவ நான். உங்களோட நானும் உக்காந்து அழுதிருப்பேனே."

ஆதிகேசவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிச்சுக்கோம்மா என்றார். எட்டாவது என்று ஒன்று இனி இருக்குமா தெரியாது, இருந்தால் நீதான் சோதிக்க வேண்டும், உன்னைப் போல எழுபத்திரண்டை எழுபத்திரண்டு என்று எழுதுகிறவர் இங்கே யாரும் இல்லை என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பாமா இடுப்பில் செருகியிருந்த பேனல் சாவியை எடுத்து மேஜைமேல், அந்தக் கடிதத்தின்மேல் வைத்தாள்.

"திங்கக்கெழம வேலைக்கு வருவேன் சார்" என்று கோவிந்தப்பாவிடம் சொன்னாள். பிறகு ஆதிகேசவனிடம் திரும்பினாள். "ஜக்கு தூக்க மட்டும் வேற ஆளப் பாருங்க."

அவள் படி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. பெட்டி அவளுக்குப் பின்னாலேயே இறங்கினாள். ஒரே பேட்டைதானே, அதே பஸ்ஸில் போய்விடுகிறேன் என்று வாசலிலிருந்து கையைக் காட்டினாள். அதில் கிண்டல் இல்லை.

சுந்தரராமன் தனியாகப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். மல்லேஸ்வரத்துக்கு இரண்டு பஸ். முதல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை.